முதற்பூச்சு மாறாத கார்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

என் பாட்டிக்குக் கார் என்ற சொல் வாயில் வராது. "பிளஷர்" என்றுதான் சொல்வார். "மாப்பிள்ளை வீட்டார் பிளஷரிலே வந்து இறங்கினார்கள்" என்று அவர் கதை சொல்லத் தொடங்கினால், அந்தச் சொல்லிலேயே ஒரு மிடுக்கு இருக்கும். சரக்கு ஏற்றுவது லாரி. ஆள் ஏற்றுவது பஸ். மகிழ்ச்சிக்கென்றே போய் வருவது பிளஷர். ஆங்கிலம் ஓர் எழுத்தும் அறியாத நம் கிராமத்து மக்கள், அந்த மொழியில் இன்பம் என்று பொருள்படும் சொல்லையே அந்த வண்டிக்குப் பெயராக்கி வைத்தார்களே! அந்தப் பெயருக்கு முழுத் தகுதி உடைய ஒரு வண்டியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அது நம் நாட்டு வண்டி அன்று. நான் அதை நேரில் பார்த்ததும் இல்லை. ஆயினும் அதைப் பற்றி எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. அந்தக் கருத்துக்காக நான் எங்கள் விடுதியில் ஒரு முழு இரவு தனியாளாக நின்று வழக்காடியிருக்கிறேன்.

சென்ற டிசம்பரில் தேர்வு முடிந்த அன்று இரவு, வேதியியல் படிக்கும் நண்பர் ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு நிமிடம் ஓடும் படம் ஒன்றைக் காட்டினார். நீண்ட அமெரிக்கக் கார் ஒன்று நிற்கிறது. யாரும் அதைத் தொடவில்லை. அதன் பின்புறப் பெட்டியின் மூடி மெல்ல எழுகிறது; நாம் வழக்கமாகப் பார்ப்பது போல முன்பக்கம் கீல் வைத்து அன்று, பின்பக்கம் கீல் வைத்து, முதலை வாயைப் பிளப்பது போல எழுகிறது. பிறகு காரின் கூரை, துணிக் கூரை அன்று, அசல் எஃகுக் கூரை, கண்ணாடியோடு அப்படியே கிளம்பிப் பின்னால் நகர்கிறது. அதன் முன் விளிம்பு கீழ்நோக்கி மடங்குகிறது. முழுக் கூரையும் பெட்டிக்குள் இறங்கிப் படுத்துக்கொள்கிறது. மூடி சாத்திக்கொள்கிறது. சற்று முன்பு வரை மூடிய காராக இருந்தது, இப்போது வானம் பார்த்த கார்! அறையில் இருந்த ஐவரும் வாய் பிளந்து நின்றோம்.

மறுபடியும் ஓட்டிப் பார்த்தபோதுதான் மற்றொன்று தெரிந்தது. அந்தக் கார் புதுமெருகோடு இல்லை. சாயம் வெளுத்திருந்தது. பளபளப்புப் பட்டைகளில் புள்ளி புள்ளியாகத் துரு. ஓட்டுநர் இருக்கையின் ஓரத் தையல் விட்டிருந்தது.

"இவ்வளவு அருமையான வண்டியை இப்படியா வைத்திருப்பது? நன்றாகத் தேய்த்து, புதுப் பெயிண்ட் அடித்து, சீட்டை மாற்றினால் ராஜா மாதிரி இருக்குமே!" என்றார் நண்பர்.

"அப்படிச் செய்யாமல் விட்டதுதான் அதன் சிறப்பு" என்றேன் நான்.

எல்லாரும் சிரித்தார்கள். பஸ் பாஸ் வைத்திருப்பவனுக்குக் காரைப் பற்றி என்ன பேச்சு என்றார் ஒருவர். அன்று எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. கோபம் வந்தால் எனக்கு வாதம் வராது. அதனால்தான் இந்த மலரின் பக்கங்களை நாடினேன்.

முதலில் அந்த வண்டி யாதெனச் சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் ஃபோர்டு ஸ்கைலைனர். 1957, 1958, 1959 ஆகிய மூன்றே மாடல் ஆண்டுகளில் அமெரிக்காவில் செய்யப்பட்டது. முதல் ஆண்டில் 20,766; அடுத்த ஆண்டில் 14,713; இறுதி ஆண்டில் 12,915. ஆக மொத்தம் 48,394 வண்டிகள். கார்களை லட்சக்கணக்கில் செய்து தள்ளிய ஒரு கம்பெனிக்கு இது சிறு கணக்கு. அதே 1957-ல் அதே கம்பெனி துணிக்கூரை போட்ட சன்லைனர் என்னும் திறந்த காரை மட்டும் 77,728 செய்தது. அது 2,505 டாலர். எஃகுக் கூரைக்காரி 2,942 டாலர். ஏறத்தாழ நானூற்று நாற்பது டாலர் கூடுதல் கொடுத்தவர்களுக்குக் கிடைத்தவை: கூடுதல் எடை, குறுகிய சாமான் அறை, அவ்வப்போது பாதியில் நின்றுவிடக்கூடிய ஒரு கூரை! ஆனாலும் வாங்கினார்கள். வாங்காமல் எப்படி இருக்க முடியும்?

இந்த எண்ணம் ஃபோர்டுக்கு முதலில் தோன்றியதும் அன்று. பிரான்சில் 1930-களிலேயே பெஜோ கம்பெனியின் கார்களில் இத்தகைய கூரை வந்துவிட்டது. அதை வகுத்தவர் ஜார்ஜ் போலன் என்பவர். தொழிலால் பல் மருத்துவர்! (வாய் திறந்து மூடுவதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்திருக்குமோ என்று நான் வேடிக்கையாக நினைப்பதுண்டு.) ஃபோர்டில் இந்த வேலை தொடங்கியது, அவர்களுடைய மிக உயர்ந்த வண்டியான கான்டினென்டல் மார்க் டூவுக்காக. பெரும் பொருள் செலவழித்து எல்லாம் கண்டுபிடித்த பிறகு அந்த வண்டிக்கு இது வேண்டாம் என்று ஆயிற்று. செலவழித்த பணம் வீணாகக் கூடாதே! பொதுமக்கள் வாங்கும் ஃபோர்டு வண்டிக்கே அதை இறக்கினார்கள். கோடீசுவரனுக்கென்று சமைத்த விருந்து நடுத்தரக் குடும்பத்தின் இலையில் விழுந்த கதை இது.

இனி அந்தக் கூரை எப்படி இயங்குகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும். என் வாதம் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

இன்றைய கார்களில் இப்படி ஏதேனும் நடந்தால், அதற்குப் பின்னால் ஒரு சிறு கணிப்பொறி இருக்கும். 1957-ல் அதற்கு வழி ஏது? மின்மோட்டார்கள், ரிலேக்கள், லிமிட் சுவிட்சுகள், இவற்றை இணைக்கும் அறுநூறு அடிக்கு மேற்பட்ட கம்பி. அவ்வளவுதான் மூளை! கார் நியூட்ரலில் இருந்தால்தான் வேலை தொடங்கும். ஓட்டுநர் விசையைப் பிடித்திருக்கிறார். பெட்டி மூடியின் பூட்டு கழல்கிறது. திருகு தண்டுகள் சுழன்று மூடியை உயர்த்துகின்றன. மூடி முழுதும் எழுந்ததும், அது அங்குள்ள ஒரு சிறு சுவிட்சை அழுத்துகிறது. 'என் வேலை முடிந்தது. நீ தொடங்கு' என்று அது அடுத்த மோட்டாருக்குச் சொல்கிறது. பின் இருக்கைக்குப் பின்னால் உள்ள தட்டு எழுந்து தன் இடத்துக்கு வருகிறது. வந்ததும் அடுத்த சுவிட்ச். முன் கண்ணாடியின் மேல் கூரையைப் பிடித்திருந்த திருகுப் பூட்டுகள் விடுபடுகின்றன, அடுத்த சுவிட்ச். கூரை எழுந்து பின்னால் செல்கிறது, முன் மடல் மடிகிறது, இறங்குகிறது, மூடி சாத்துகிறது, பூட்டு விழுகிறது. ஏறத்தாழ ஒரு நிமிடம். ஒவ்வொரு படியும் முந்தைய படி முடிந்ததா என்று பார்த்த பிறகே தொடங்கும். நம் ஊரில் தேர் வடம் பிடிக்கும்போது, முன்னால் முட்டுக்கட்டை எடுத்தாயிற்றா என்று பார்த்து, எடுத்தாயிற்று என்ற குரல் வந்த பிறகே இழுப்பார்கள் அல்லவா? அதே ஒழுங்கு.

இந்த ஒழுங்கில் ஒரு சுவிட்ச் பொய் சொன்னால் போதும். கூரை பாதியில் நின்றுவிடும். பெட்டி மூடி வானம் பார்த்து நிற்க, கூரை நடுவழியில் தொங்க, பார்க்கச் சகிக்காத காட்சியாக இருக்கும். எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க ஒரே வழி, கம்பியின் நிறத்தைப் பிடித்துக்கொண்டு போவதுதான். ஒவ்வொரு கம்பிக்கும் தொழிற்சாலையில் ஒரு நிறம் கொடுத்திருந்தார்கள். வரைபடத்தில் உள்ள நிறமும் வண்டியில் உள்ள நிறமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இங்கே என் தந்தையாரைப் பற்றி ஒரு சொல். அவர் மோட்டாருக்குக் காயில் கட்டுபவர். சுற்று வட்டாரக் கிணறுகளில் எரிந்துபோன பம்புசெட்டு மோட்டார்கள் எல்லாம் எங்கள் வீட்டுத் திண்ணைக்குத்தான் வரும். சிறு வயதில் அவரோடு ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தவர், வெகு நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் யாரோ ஒருவர் அதைச் 'சரி செய்து' விட்டுப் போயிருந்தார். எல்லாக் கம்பிகளையும் பிடுங்கி எறிந்துவிட்டு, புத்தம் புதிய கம்பிகள் போட்டிருந்தார். எல்லாம் ஒரே சிவப்பு! பார்ப்பதற்கு என்ன அழகு! "பழசு எரிஞ்சு கிடந்திருந்தாக்கூட பத்து நிமிசத்துல கண்டுபிடிச்சிருப்பேன் தம்பி. இது புதுசு. இதுக்கு வாய் கிடையாது" என்றார். அன்று மாலை வரை அந்த வேலை இழுத்தது.

என் கருத்து முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். பழைய பொருளுக்கு வாய் உண்டு. நாம் புதுக்கும்போது அந்த வாயை அடைத்துவிடுகிறோம்.

ஒரு பழைய காரைப் புதுக்குபவர்கள் செய்வது யாது? உடலைக் கழற்றி, பழைய சாயம் முழுவதையும் சுரண்டி, வெறும் உலோகமாக்கி, மறுபடி பூசுகிறார்கள். பூசுவது எது? 1957-ல் ஃபோர்டு தொழிற்சாலையில் பூசியது சூளையில் சுட்டு இறுக்கிய எனாமல். இன்று பூசுவது நிறப்பூச்சின் மேல் நிறமற்ற பளிங்குப் பூச்சு. முகம் பார்க்கலாம் போன்ற அந்தப் பளபளப்பு, அந்தக் கார் புதிதாகத் தொழிற்சாலை வாசலைக் கடந்த நாளில்கூட அதற்கு இருந்ததில்லை! அதாவது, பழைய நிலைக்குக் கொண்டுவருகிறோம் என்று சொல்லி, ஒருபோதும் இல்லாத ஒரு நிலைக்குக் கொண்டுபோகிறார்கள். இதைப் புதுப்பித்தல் என்று சொல்வது பொருந்துமா? புனைதல் என்பதே தகும்.

சாயத்தோடு போவது சாயம் மட்டும் அன்று. அடிச்சட்டத்தில் தொழிற்சாலைப் பரிசோதகர்கள் மெழுகுக் கோலாலும் சாயப் பொட்டாலும் இட்ட அடையாளங்கள் போகின்றன. கண்ணுக்குத் தெரியாத மூலைகளில் அவசரத்தில் அரைகுறையாகத் தெளித்த சாயத்தின் எல்லைக்கோடு போகிறது. எந்தக் கம்பி எந்தத் துளை வழியாக, எந்தப் பிடியில் மாட்டப்பட்டு ஓடியது என்பது போகிறது. இவையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் அச்சாகவில்லை. அந்தத் தொழிலாளர்களின் கைகளில் இருந்த அறிவு அது. அவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. வண்டியின் தகட்டில் பொறித்திருக்கும் குறிகள் சாயத்தின் எண்ணையும் இருக்கைத் துணியின் எண்ணையும் செய்த நாளையும் சொல்லும். ஆனால் அந்தத் துணி தொட்டால் எப்படி இருக்கும் என்று தகடு சொல்லுமா?

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. புதுக்குகிறவரும் ஒரு மூலத்தைப் பார்த்துத்தானே புதுக்க வேண்டும்? யாரும் தொடாத வண்டி ஒன்று எங்கேனும் இருந்தால்தான், மற்ற வண்டிகளை அதைப் பார்த்துச் சரியாகச் செய்ய முடியும். எல்லாரும் புதுக்கிவிட்டால், பிறகு ஒருவர் புதுக்கியதைப் பார்த்து மற்றவர் புதுக்குவார், பிழை பெருகும்.

தமிழ் பயிலும் நண்பர்களுக்கு இது புதிய செய்தி அன்று. ஏடு எழுதினவன் தனக்குத் தெரிந்த அளவில் 'திருத்தி' எழுதியதால் வந்த பாடபேதங்களையும் இடைச்செருகல்களையும் நம் பேராசிரியர்கள் வகுப்பில் எத்தனை முறை சொல்லி வருந்தியிருக்கிறார்கள்! 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் செல்லரித்த ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். செல்லரித்த ஏட்டில் எழுத்து இல்லாத இடம் இல்லாத இடமாகவே தெரியும். அழகாகத் திருத்திய ஏட்டில் அது தெரியாது.

கூரை திறக்கும் கார்களுக்கு இந்தக் கேள்வி மற்றக் கார்களைவிடக் கூர்மையானது. மூடிய கார் தன் வயிற்றைத் தானே காத்துக்கொள்ளும். திறந்த காரோ வெயிலையும் மழையையும் உள்ளே அழைக்கும் வண்டி. இருக்கை வெளுக்கும், தரை விரிப்பு நனையும், அடியில் துருப்பிடிக்கும், இதிலே உவர்நீர்க் காற்றும், பனிக்காலத்தில் அமெரிக்கச் சாலைகளில் தூவும் உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மேலும் இது கோடைக்கும் கொண்டாட்டத்துக்கும் வாங்கிய வண்டி. இளைஞர் கைக்குப் போகும், வேகமாக ஓடும், அடிபடும். ஆகவே எல்லாவற்றிலும் முதலில் அழிவது திறந்த காரே. அறுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் ஒரு ஸ்கைலைனர் தன் முதற்பூச்சோடும், தன் சொந்த இருக்கைத் துணியோடும், தன் சொந்த அறுநூறு அடிக் கம்பியோடும் நின்று, விசையைப் பிடித்தவுடன் கூரையை மடித்துக் காட்டுகிறதென்றால், அது தற்செயலாக நடந்ததா? யாரோ ஒருவர், பிறகு இன்னொருவர், ஒவ்வொரு ஆண்டும் அதைக் கெடுக்காமல் இருக்க முடிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பொறுமைதான் என்னைக் கவர்கிறது. காசு கொடுத்தால் பளபளப்பு ஆறு மாதத்தில் கிடைக்கும். இது கிடைக்காது.

இதைச் சொன்னவுடன், "அப்படியானால் வாங்கிய நாளிலேயே பூட்டி வைத்துவிட வேண்டியதுதானே?" என்று நண்பர் மடக்கினார். அமெரிக்கர்கள் அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். ஓக்லகாமா மாநிலத்தில் டல்சா என்றொரு நகரம். 1957 ஜூன் மாதம் அந்நகரத்தார் புத்தம் புதிய பிளிமத் பெல்வெடியர் கார் ஒன்றை, நீதிமன்றத்துப் புல்வெளியின் அடியில் கான்கிரீட் அறை கட்டி, அதில் இறக்கிப் புதைத்தார்கள். ஐம்பது ஆண்டு கழித்து எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 2007-ல் பெட்ரோல் கிடைக்குமோ கிடைக்காதோ என்று பெட்ரோலும் எண்ணெயும்கூடச் சேர்த்து வைத்தார்கள்! 2007 ஜூனில் பெருங்கூட்டத்தின் முன்னால் திறந்தால், அறைக்குள் தண்ணீர் புகுந்து கார் முழுவதும் துருக் கட்டியாகக் கிடந்தது. ஒரு நாளும் ஓடாத கார் அது. அதே ஆண்டு பிறந்து, யாரோ ஒரு குடும்பத்தைக் கடைக்கும் கடற்கரைக்கும் சுமந்து திரிந்த கார்கள் இன்றும் ஓடுகின்றன.

மற்றொரு கதை இதற்கு நேர் மாறானது. வண்டி குட்டிக்கரணம் அடித்தால் உள்ளிருப்பவர் தப்ப வேண்டும் என்ற பாதுகாப்புச் சட்டம் வந்துவிடுமோ என்ற அச்சத்தாலும், குளிர்சாதனம் பரவியதாலும், 1970-களில் அமெரிக்கக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் திறந்த காரைக் கைவிட்டன. 1976-ல் காடிலாக் எல்டொராடோதான் கடைசி அமெரிக்கத் திறந்த கார் என்று பறைசாற்றினார்கள். அந்த ஆண்டில் 14,000 வண்டிகள். அவற்றுள் கடைசி இருநூறும் ஒரே மாதிரி வெள்ளை. இனிமேல் கிடைக்காது என்று பலர் வாங்கி, ஓட்டாமல் மூடி வைத்தார்கள். விலை ஏறும், மகன் காலத்தில் பொன்னாகும் என்று கணக்குப் போட்டார்கள். நடந்தது என்ன? 1982-லேயே கிரைஸ்லர் மறுபடி திறந்த கார் விற்கத் தொடங்கியது. 1984-ல் காடிலாக் கம்பெனியே தன் சொல்லைத் தானே மாற்றி மீண்டும் திறந்த கார் செய்தது. ஏமாந்தோம் என்று வழக்குத் தொடுத்தவர்களும் உண்டு. அந்த வண்டிகளும் முதற்பூச்சு மாறாதவைதாம். ஆனால் எனக்கு அவற்றின் மேல் ஒரு பற்றும் வரவில்லை. அவை பாதுகாக்கப்பட்டவை அல்ல, பதுக்கப்பட்டவை. பஞ்ச காலத்து அரிசி மூட்டைக்கும் விதை நெல்லுக்கும் உள்ள வேறுபாடு அது.

ஆகவே நான் கேட்பது, ஓடாத காரை அன்று. ஓடியும் தன்னை இழக்காத காரை. இருக்கைத் தையல் விட்ட அந்தக் காரில் நான் கண்டது அதுதான். எப்போதும் ஓட்டுநர் பக்கத்துத் தையல்தானே முதலில் விடும்? ஏறி இறங்கியவரின் உடல் அங்கே எழுதிய கையெழுத்து அது.

எதிர்வாதங்களை நான் மறைக்க விரும்பவில்லை. துரு தின்று ஓட்டை விழுந்த வண்டியை அப்படியே விடு என்று சொல்ல நான் பைத்தியக்காரன் அல்லேன். பிரேக் ஹோசும் டயரும் வயதானால் உயிரை வாங்கும். மாற்றியே ஆக வேண்டும். பாதியில் எரிந்த ரிலேயை மாற்றாமல் கூரை எப்படி மடியும்? பழுது பார்த்தல் வேறு, புதுக்குதல் வேறு என்பதே என் கட்சி. கோடு எங்கே விழுகிறது என்று கேட்டால், எல்லா வண்டிக்கும் பொருந்தும் ஒரு கோடு என்னிடம் இல்லை. என் தந்தையார் எரிந்த காயிலைப் பிரிக்கும்போது சுற்று எண்ணிக்கையையும் கம்பியின் பருமனையும் ஒரு பழைய நோட்டில் குறித்துக்கொண்டுதான் வெட்டி எறிவார். அந்த நோட்டு இல்லாதவன் காயிலைத் தொடக் கூடாது என்பார். காருக்கும் அதுவே போதும் என்று நினைக்கிறேன்: கழற்றியதைக் குறித்து வை, முடிந்தால் கழற்றியதையே ஒரு பெட்டியில் போட்டு வை.

மற்றொரு எதிர்வாதம் இன்னும் வலியது. ஒரு பேராசிரியர், இக்கட்டுரையின் முதல் படியைப் படித்துவிட்டு, "இது பணக்காரன் விளையாட்டுப் பொம்மை. இதற்கு இவ்வளவு தத்துவமா?" என்று கேட்டார். பணக்காரன் பொம்மையாக இருந்திருந்தால் நானும் விட்டிருப்பேன். ஆனால் ஸ்கைலைனர் அத்தகையது அன்று. அதே காலத்தில், 1953-ல், ஜெனரல் மோட்டார்ஸ் உண்மையிலேயே பணக்காரர்களுக்கென்று ஒரு திறந்த கார் செய்தது, முதல் எல்டொராடோ. விலை 7,750 டாலர். செய்தது 532 மட்டும். ஸ்கைலைனரின் விலை அதில் பாதிகூட இல்லை. கடைக்காரரும் பள்ளி ஆசிரியரும் கடன் வாங்கியேனும் எட்டக்கூடிய விலையில், அந்த நாளின் மிகச் சிக்கலான இயந்திர விந்தை ஒன்று தெருவுக்கு வந்தது. அதுவே அதன் நட்டமும் ஆயிற்று. கம்பெனிக்குள் காற்று மாறிவிட்டது. 1960-ல் வந்த ஃபால்கன் என்ற எளிய சிறு கார் முதல் ஆண்டிலேயே நான்கு லட்சத்துக்கு மேல் விற்றது. கணக்குப் பார்ப்பவர்களுக்கு அது போதாதா? கூரை மடிக்கும் காருக்கு 1959-ஓடு விடை கொடுத்தார்கள். அதில் கற்ற வித்தை மட்டும் லிங்கன் கான்டினென்டல் போன்ற திறந்த கார்களின் பின்மூடியில் கொஞ்ச காலம் உயிரோடு இருந்தது. எஃகுக் கூரை மடியும் கார் மீண்டும் பெருமளவில் விற்பனைக்கு வர 1990-களின் நடுப்பகுதி வரை உலகம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டுக்கு அது ஏன் வரவில்லை என்பார்க்கு ஒரு வரி. 1926-ல் சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் கடை விரித்த ஃபோர்டு, உள்நாட்டிலேயே உறுப்புகளைச் செய்ய வேண்டும் என்ற அரசின் கொள்கை 1953-ல் வந்ததை ஒட்டி நடையைக் கட்டியது. ஸ்கைலைனர் பிறந்தபோது இங்கே அதை விற்கக் கம்பெனி இல்லை. பாட்டியின் பிளஷர்களில் அது சேராமல் போனதற்குக் காரணம் இதுவே.

உலகத்தின் கருத்தும் மெல்ல மாறி வருகிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சி. கலிபோர்னியாவில் பெபிள் பீச் என்னும் இடத்தில் ஆண்டுதோறும் நடக்கும் பழங்கார்க் காட்சி, மெருகுக்குப் பேர்போனது. திருகாணியின் தலையில்கூடத் தூசு இருக்கக் கூடாது. அங்கே 2024-ல், சிறந்த வண்டிக்கான முதற்பரிசு, புதுக்காத பழங்கார் ஒன்றுக்கு முதல் முறையாகக் கிடைத்தது; 1934-ஆம் ஆண்டின் புகாட்டி டைப் 59. அது பிரெஞ்சுப் பந்தய வண்டி. சாயம் உரிந்து, வெடித்துக் கிடந்தது. என் தலைப்பை நானே மறுக்கும்படியான ஒரு செய்தியையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்: அதன் மேல் இருப்பது முதற்பூச்சு அன்று! பெல்ஜிய அரசர் மூன்றாம் லியோபோல்டு அதை வாங்கியபோது கறுப்பு அடித்துக்கொண்டார். பின்னால் வந்தவர்கள் அரசரின் கறுப்பைச் சுரண்டிப் பந்தய நீலத்தைக் கொண்டுவரவில்லை. அவர்கள் செய்தது சரி என்றே எனக்குப் படுகிறது. அந்தக் கறுப்பும் இன்று அந்த வண்டியின் சொந்த வரலாறுதானே? அப்படியானால் இன்று புதுக்கிய வண்டியும் எண்பது ஆண்டு கழித்து அதே மதிப்பைப் பெறாதா என்று கேட்பீர்களானால், பெறலாம். ஆனால் அது 1957-ஐப் பற்றிப் பேசாது. நம் காலத்தைப் பற்றித்தான் பேசும்.

கட்டுரையை முடித்து அந்த வேதியியல் நண்பரிடமே முதலில் கொடுத்தேன். வரி விடாமல் படித்தார். "எல்லாம் சரி. அமெரிக்காவில் ஒருவன் கூரையைத் திறந்துகொண்டு போகிறான். திடீரென்று மழை. விசையைப் பிடிக்கிறான். உன் அறுபது வருசத்துப் பழைய சுவிட்ச் ஒன்று மக்கர் செய்கிறது. கூரை பாதியில் நிற்கிறது. அவன் என்ன செய்வான்?" என்றார்.

"ஒரு கையில் குடை, மறு கையில் வரைபடம். பச்சைக் கம்பியா, மஞ்சள் கம்பியா என்று தேடுவான்" என்றேன்.

"எல்லாம் சிவப்பாக இருந்தால்?"

"நனைவான்."